மெஹர் சொல்லாமல் விட்ட குறை

1

இந்த ஊரில் எதைக் காட்டினாலும் அழகு, அற்புதம் என்கிறார்கள். சாம்பார் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த அன்றைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி, வாசனை அற்புதம் என்றாள். என் மகள் நித்யா சின்னவளாக இருந்தபோது வரைந்த குதிரையில் தலை எது, வால் எது என்று எனக்கே தெரியவில்லை. அவளுடைய டீச்சர் அதற்கு ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டி அனுப்பினாள். சென்னையில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள் நான். சிவப்பு மசி படாமல் ஒரு விடைத்தாளையும் திருப்பிக் கொடுத்ததில்லை. எனக்கு இந்த ஊர் எப்படி ஒத்துப்போகும், நீங்களே சொல்லுங்கள்.

ஒஹையோவில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சோளக்காடு இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே சிலர் கூடி ராக்கெட் விடுவார்கள். நிலாவுக்குப் போகிற ராக்கெட் இல்லை. காகிதக் குழல், மரத்தகட்டு இறக்கை, உள்ளே மடித்து வைத்த துணிக் குடை, அவ்வளவுதான். நின்றால் முழங்கால் உயரம் வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் ரிட்டையர் ஆன ஆண்கள். நடுவில் கம்பளிக் கோட்டும் நெற்றிப் பொட்டுமாக நான் ஒருத்தி.

ஜனவரியில் என் ராக்கெட்டை ஜெரி என்கிற பெரியவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். "அழகோ அழகு" என்றார். அவசரத்தில், "தயவுசெய்து கண் வைக்காதீர்கள்" என்று தமிழை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொல்லிவிட்டேன். பாவம், மனுஷர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.

இதைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிக்கக்கூடியவள் ஒருத்தி இருந்தாள். மெஹருன்னிசா. இன்றைக்கு அவள் போய் நாற்பதாம் நாள். ராயப்பேட்டையில் அவள் வீட்டில் உறவெல்லாம் கூடி ஃபாத்திஹா ஓதியிருப்பார்கள். இங்கே நான் துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மெஷின் போடுகிற சத்தத்தில் நான் மூக்கைச் சிந்துவது மாடிக்குக் கேட்காது.

2

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். நான் பிசிக்ஸ், மெஹர் கணக்கு, கன்னியப்பன் ஓவியம். மெஹரின் வீட்டுக்காரர் பஷீர் பாய்க்குத் தி.நகரில் தையல் கடை. கன்னியப்பன் எங்களிடம் வருவதற்கு முன்னால் கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுகளுக்குக் காகிதக் கூழில் சிங்கமும் யானையும் செய்துகொண்டிருந்தவர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளி முடிந்த வாரம், நியூட்டனின் மூன்றாம் விதியை விளக்குகிறேன் பேர்வழி என்று பிள்ளைகளிடம் மிச்சமிருந்த ராக்கெட் வாணம் ஒன்றைக் கேட்டு வாங்கி மைதானத்தில் விட்டேன். குச்சியை உடைத்துப்போட்டு, அட்டையில் மூன்று இறக்கை ஒட்டியிருந்தேன். அது மேலே போகாமல் குட்டிக்கரணம் அடித்துத் தலைமையாசிரியை அறைக்குள் போனது. பிள்ளைகள் ஒரே வாரத்தில் அதை மறந்துவிட்டார்கள். பித்துப் பிடித்தது எங்கள் மூன்று பேருக்கும்தான்.

"குச்சிய இன்னாத்துக்கு டீச்சர் ஒடிச்சீங்க? குச்சி கீறதாலதான் அது நேரா போய்க்கினு இருக்கு" என்றார் கன்னியப்பன்.

"குச்சி வெச்சா அது வாணம். இறக்கை வெச்சாத்தான் ராக்கெட்" என்றேன் நான்.

"அரே, ரெண்டு பேரும் சும்மா வாயாலயே பறக்க விடாதீங்கப்பா" என்றாள் மெஹர். "அட்டைல அதோட நெழல் மாதிரி வெட்டி, வெரல்ல நிக்க வெச்சுப் பாருங்க. எந்த எடத்துல நிக்குதோ அங்கதான் காத்து புடிச்சுத் தள்ளும். கனம் அதுக்கு முன்னால இருக்கணும். உங்க கனம் பின்னால இருந்துச்சு, அதான் குட்டிக்கரணம்."

வெட்டிக் காட்டினாள். விரலில் நிறுத்தினாள். அவள் சொன்னது சரியாக இருந்தது. நான் அதை ஒப்புக்கொள்ளாமல், அட்டை ஈரமாக இருந்தது என்றேன்.

முதன்முதலாக ஒழுங்காக ஒரு ராக்கெட் செய்து முடித்த அன்று, "ரொம்ப நன்னா வந்திருக்கு" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். கன்னியப்பன் துள்ளி எழுந்து தூ தூ என்று மூன்று தரம் துப்பினார்.

"இன்னா டீச்சர் இப்டிப் பண்ணிட்டீங்க? செட்டு வேலைல எவனும் நல்லா கீதுன்னு வாயத் தொறக்க மாட்டான். கண்ணு பட்டா மொத்தமும் பூடும். வேல முட்ஞ்சதும் ஒர்த்தன் வந்து ஒரு கொற சொல்லணும். அப்பால தான் கேமராவே உள்ள வரும்."

நான் சிரித்தேன். மெஹர் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் அப்படித்தான் வசந்தா. நல்லா இருக்குன்னு சொன்னா கூடவே மாஷா அல்லாஹ்னு சொல்லணும். இல்லன்னா நஜர் ஆயிடும்."

அப்படி வந்ததுதான் எங்கள் சட்டம். மூன்று பேரில் ஒருவர் ராக்கெட் செய்தால், மற்ற இருவரில் ஒருவராவது ஒரு குறை சொல்லியே தீர வேண்டும். குறை சொல்லாத ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. சட்டம் போட்டவர் கன்னியப்பன் என்றாலும் கொண்டாட்டம் மெஹருக்குத்தான். அவளுக்கு மாஷா அல்லாஹ் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. எதையாவது நல்லா இருக்கிறது என்று சொன்னால்தானே!

3

எதற்குத்தான் சண்டை போடவில்லை? குழலுக்குப் பழைய காலண்டர் தாளைப் பைப்பில் சுற்றி மைதாப் பசையால் ஒட்டுவோம். கரப்பான் பூச்சி ராத்திரியில் வந்து பசையைத் தின்றுவிடும். மயில்துத்தம் கலந்தால் தின்னாது என்பது கன்னியப்பன் கட்சி. கலந்தால் தாள் பச்சை பூக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை என்பது என் கட்சி. குடைக்குப் பிளாஸ்டிக் பை போதும் என்றேன். மெஹர் கிழிந்த மழைக்குடையின் துணியைக் கேட்டு வாங்கி வந்து, பஷீர் பாயின் மெஷினில் ஓரம் அடித்துக்கொடுத்தாள். உச்சியில் குடை விரியக் கழன்றுகொள்ளும் மூக்கையும் உடம்பையும் சேர்த்துக் கட்டுகிற கயிற்றுக்கு நான் பாவாடை நாடா போட்டேன். "எலாஸ்டிக் போடு. வெடுக்குன்னு இழுத்தா நாடா அறுந்துடும்" என்றாள். அதற்கு ஒரு மாசம் பேச்சுவார்த்தை நடந்தது. நாடா அறுந்தது. நாடாவில் கோளாறு இல்லை, முடிச்சில்தான் கோளாறு என்று நான் சாதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அடையாறு தாண்டி, ஆளில்லாத மணல்வெளியாகப் பார்த்துப் போவோம். மயிலாப்பூரிலிருந்து நான் பஸ்ஸில், மெஹர் பஷீர் பாயின் ஸ்கூட்டரில், கன்னியப்பன் சைக்கிளில். பஷீர் பாய் இறக்கிவிட்டு, "பாத்து வெடிங்க, டீச்சரம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போவார். வெடிப்பதில்லை, பறக்க விடுகிறோம் என்று ஒவ்வொரு வாரமும் அவரைத் திருத்துவேன்.

ஒரு வாரம் நான் பரீட்சை அட்டையை அறுத்து இறக்கை செய்துகொண்டு போனேன். மெஹர் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"வாலு கனம். திரும்பி நம்மையே தொரத்தும்."

"சட்டப்படி குறை சொல்லியாச்சில்லையோ? நகரு."

"நான் சட்டத்துக்காகச் சொல்லல, நெஜமாவே சொல்றேன் வசந்தா."

நான் பற்றவைத்தேன். அது பனைமர உயரம் போய், ஒரு வட்டம் அடித்து, எங்களைப் பார்த்து வந்தது. கன்னியப்பன் கடலுக்குள்ளேயே ஓடிவிட்டார். நானும் மெஹரும் மணலில் குப்புற விழுந்தோம். எழுந்து பார்த்தால் எதிரில் லத்தியோடு ஒரு போலீஸ்காரர். அந்த வருஷங்களில் நகரத்தில் எதைப் பார்த்தாலும் போலீசுக்குச் சந்தேகம்.

"இன்னாம்மா இது? வெடிகுண்டா?"

"நாங்க டீச்சருங்க சார்" என்றாள் மெஹர், முக்காட்டிலிருந்து மணலை உதறிக்கொண்டே. "இது பாடம். இவங்களுக்குத்தான் பாடம்."

அவர் எங்களை நம்பினாரா, பரிதாபப்பட்டாரா தெரியவில்லை, விட்டுவிட்டார். வரும் வழியில் மெஹர் பேசவேயில்லை. பஸ் ஸ்டாப்பில்தான் ஒரே ஒரு வார்த்தை, "தொரத்துச்சா?" என்றாள். நான், காற்று திசை மாறிவிட்டது என்றேன்.

4

என் கணவருக்கு வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்தோம். இங்கே எல்லாம் பெட்டியில் வருகிறது. சுற்றி வைத்த குழல், வெட்டி வைத்த இறக்கை, பிளாஸ்டிக் மூக்கு, மருந்து அடைத்த என்ஜின். என்ஜினை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை நானே செய்தேன். சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளைச் சுற்றிக் குழல் பண்ணினால், ஜெரி அதையும் அற்புதம் என்றார். ஏன் பெட்டியில் வருவதை வாங்கவில்லை என்று ஒருவராவது கேட்டிருந்தால் சந்தோஷமாக ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சென்னைக்குப் போன் போடுவேன். நலம் விசாரித்ததும் ராக்கெட்டைச் சொல்லுவேன். மெஹர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள் என்று பஷீர் பாய் சொல்லியிருக்கிறார். கேட்டு முடித்துத் தொண்டையைச் செருமுவாள். அந்தச் செருமலுக்குத்தான் நான் வாரம் பூராவும் காத்திருப்பேன்.

"நாலு இறக்கையா? எதுக்கு? மூணு போதாதா உனக்கு? நாலாவது இறக்கை சும்மா கனத்துக்கு."

"நாலு இருந்தா வெட்டி ஒட்டறது சுலபம். நேர் எதிர் நேர் எதிரா ஒட்டிண்டு போயிடலாம்."

"உனக்குச் சுலபமா, ராக்கெட்டுக்குச் சுலபமா?"

நித்யா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. வரவர, புரிகிற மாதிரியும் காட்டிக்கொள்வதில்லை. "ஏன் எப்போதும் அந்த ஆன்ட்டியோடு சண்டை போடுகிறாய்? அவர்களை உனக்குப் பிடிக்காதா?" என்று ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டாள். பிடித்தால்தான் சண்டை போட முடியும் என்று சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவளும் அவள் சிநேகிதிகளும் ஒருவரையொருவர் எந்நேரமும் புகழ்ந்துகொள்கிறார்கள். மாசத்துக்கு ஒரு சிநேகிதி மாறுகிறாள்.

5

போன வருஷம் மெஹருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பஷீர் பாய் தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தும் பொருந்தவில்லை. பஷீர் பாய் இதைப் போனில் சொல்லும்போது பின்னாலிருந்து அவள், "தையக்காரருக்கு ஃபிட்டிங் சரியா வரலயாம், சொல்லுங்க" என்று கத்தினாள். அவள் சிரிக்க, பஷீர் பாய் அழுதார்.

உடனே போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். முடியவில்லை. எங்கள் நிரந்தரக் குடியுரிமை மனு நடுவில் நிற்கிறது. பயண அனுமதி வாங்காமல் தேசத்தை விட்டுக் காலை எடுத்து வைத்தால் மனு செத்துப்போகும்; திரும்பி வர முடியாது. அனுமதி கேட்டு மனுப் போட்டேன். குடியேற்ற அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண், நோயாளி உனக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"நாத்தனார்னு சொல்லித் தொலையேன் வசந்தா" என்று என் கணவர் காதில் முணுமுணுத்தார்.

"ஏன்னா, மெஹருன்னிசா உங்களுக்குத் தங்கைன்னா யார் நம்புவா?" என்று சொல்லிவிட்டு, சிநேகிதி என்றேன். சிநேகிதி அவசரத்தில் சேராது என்றாள் அந்தப் பெண். ரொம்பவும் அன்பாகச் சொன்னாள். சாதாரண வரிசையில் போட்டுவிட்டாள்.

அதற்கும் ஒரு வினை வந்தது. என் பாஸ்போர்ட்டில் மெட்ராஸ் என்று இருக்கிறது. ஆஸ்பத்திரி கொடுத்த சான்றிதழில் சென்னை என்று இருக்கிறது. இரண்டு வெவ்வேறு ஊர், நீ எந்த ஊருக்குப் போகப் போகிறாய், விளக்கம் அனுப்பு என்று கேள்வி வந்தது. ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள் என்று எழுதினேன். அதற்கு ஆதாரம் கேட்டார்கள். என் ஊர் என் ஊர்தான் என்பதற்கு நான் எங்கே போய் ஆதாரம் தேடுவேன்? தூதரகத்துக்கு எழுதி, அவர்கள் ஒரு தாள் அனுப்பி, அதை நான் அனுப்பி, இலையெல்லாம் உதிர்ந்து பனியும் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

அனுமதி வந்தது. அவள் போன பிறகு வந்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம் என்று போட்டிருக்கிறது.

6

காத்திருந்த அந்த மாதங்களில் நான் ஒரு ராக்கெட் செய்தேன். கை சும்மா இருந்தால் மனது எங்கெங்கோ போய்விடும் என்று பயம். மெஹர் இத்தனை வருஷம் சொன்ன குறைகளையெல்லாம் நினைவுபடுத்திக்கொண்டு செய்தேன். மூன்று இறக்கை. வால் கனம் இல்லை. எலாஸ்டிக் கயிறு. குடைத்துணியில் குடை. மருந்துச் சூட்டில் துணி தீய்ந்துபோகாமல் இருக்கக் கேரம்போர்டு பவுடர் தடவிய பஞ்சு. இலையுதிர் காலத்தில் விடுவதாக இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அலுவலகத்துக்குக் காகிதம் எழுதுவதிலேயே போயிற்று.

ஜனவரியில் போன் போட்டேன். பஷீர் பாய் ரிசீவரை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். எப்படிக் குழல் சுற்றினேன், எப்படி அட்டையில் நிழல் வெட்டி விரலில் நிறுத்திப் பார்த்தேன், எங்கே கனம் நிற்கிறது, எல்லாம். கராஜில் இருந்த வெள்ளை பெயிண்டை மூன்று கோட் அடித்துப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டுச் செருமலுக்குக் காத்திருந்தேன்.

மூச்சு மட்டும் கேட்டது, செருமல் வரவில்லை.

"மாஷா அல்லாஹ்" என்றாள். "நல்லா இருக்கு வசந்தா. ரொம்ப நல்லா இருக்கு."

"என்னடி சொல்றே? ஒழுங்காக் கேட்டியா?"

"கேட்டேம்பா."

"எலாஸ்டிக் நீளம் போதுமா? மூக்கு கனமா? ஏதாவது சொல்லு மெஹர். உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரு குறை சொல்லுடி!"

"ஒண்ணும் இல்ல. சரியா செஞ்சிருக்கே. பறக்க விடு."

பஷீர் பாய் போனை வாங்கி, அசதியாக இருக்கிறாள், அப்புறம் பேசலாம் என்றார். நான் ரிசீவரை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். அவள் போகப் போகிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் சொன்னதைப் பஷீர் பாய் போனில் சொன்னபோது தெரியவில்லை.

7

அடுத்த சனிக்கிழமை அந்த ராக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் பறக்க விடச் சொன்னாள், விடாமல் எப்படி இருப்பது? சோளக்காடு முழுக்க முழங்கால் பனி. பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். நித்யா காரிலேயே காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் ஜெரி அதைக் கையில் வாங்கி அழகோ அழகு என்றார். மற்றவர்களும் வாங்கிப் பார்த்தார்கள். எல்லாரும் அழகு என்றார்கள்.

என் ஆயுசில் அப்படி ஒரு ராக்கெட் பறந்து நான் பார்த்ததில்லை. ஒரு கோணல் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. உச்சியில் மூக்கு கழன்று, குடை விரிந்து, காற்றோடு மெதுவாகச் சாய்ந்து வயலின் மறுகோடிக்கு இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் ஓடினேன். இறங்கிய இடத்தைக் கண்ணால் குறித்து வைத்துக்கொண்டுதான் ஓடினேன். அங்கே போனால் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது. குடைத்துணியும் வெளிர் நிறம், பனிக்குள் அமுங்கியிருக்கும். ஜெரி தேடினார், எல்லாரும் தேடினார்கள். நித்யாகூட இறங்கி வந்து, "அம்மா, போகலாம், அது வெறும் ராக்கெட்தானே" என்றாள். கால் விரல் மரத்துப்போகிறவரை தேடினேன். கிடைக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. நான் போன் போடுவதற்கு முன்னால் போன் வந்தது. கன்னியப்பன், ஒரு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து. அவர் ஒருநாளும் எனக்குப் போன் போட்டதில்லை. குரலைக் கேட்டதுமே புரிந்துவிட்டது.

"மெஹர் டீச்சர் பூட்டாங்கோ டீச்சர். நேத்து ராத்திரி. இப்பத்தான் எட்த்தோம். நானும் தோள் குட்த்தேன்."

நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு சொல்லணும். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்கோ. எனுக்கு மனசு கேக்கல. நீங்க போன் பண்ணீங்களே, அதுக்கு மறுநாள் போய்ப் பாத்தேன். 'கன்னியப்பா, அந்தப் பைத்தியம் வெள்ள பெயிண்ட் அட்ச்சு வெச்சிருக்கு. அங்க ஊரே பனியாக் கெடக்கும். கீழ வுழுந்தா எப்டித் தேடுவா? செவப்பு அடிக்கணும்'னாங்கோ. அப்ப ஏன் டீச்சர் சொல்லலன்னேன்."

"என்ன சொன்னா?"

"'சொன்னா அவ பதில் சொல்லுவா, நான் அதுக்குப் பதில் சொல்லணும், முடியலப்பா'ன்னாங்கோ. அப்பால, 'இத்தினி வருசத்துல ஒரு தபாகூட அவ செஞ்சத நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. சொல்லாமப் போறதுக்கு மனசு வரல'ன்னாங்கோ."

வயலில் பத்துப் பன்னிரண்டு பேர் அந்த ராக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவர் வாயிலும் வரவில்லை. பனியைப் பார்த்தேயிராதவள், ராயப்பேட்டையில் படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டு, நான் எங்கே நிற்பேன், என் காலடியில் என்ன நிறம் இருக்கும் என்று யோசித்திருக்கிறாள்.

"டீச்சர், லைன்ல கீறீங்களா? ராக்கெட்ட வுட்டீங்களா இன்னா?"

காற்று அதிகம் என்று சொல்லலாம். வெயிலில் கண் கூசியது என்று சொல்லலாம். எதையாவது சொல்லிச் சமாளிக்க எனக்கா தெரியாது?

"அவ சொன்னதுதான் சரி, கன்னியப்பன்" என்றேன். "அவ சொன்னது எல்லாமே சரி. இதை இப்போ அவகிட்ட யார் போய்ச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, பூத்தில் அவருக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டுகிறவரை அழுதுகொண்டிருந்தேன்.